வாயைக் கட்ட முடியவில்லை என்று நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

எடையைப் பற்றியோ சர்க்கரையைப் பற்றியோ பேச்சு வந்தால் நம் வீடுகளில் முதலில் காதில் விழுவது, "என்னால வாயைக் கட்ட முடியலை" என்பதுதான். ராத்திரி பத்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறந்தவரும் இதைத்தான் சொல்கிறார். ஆபீஸில் திட்டு வாங்கிய அன்று பிரியாணி வரவழைத்து வயிறு முட்டத் தின்றவரும் இதைத்தான் சொல்கிறார். தனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். அந்தத் தீர்ப்பு பல நேரங்களில் தவறு. அதை நம்பி எடுக்கும் அடுத்த முடிவுகள் நிலைமையை இன்னும் மோசமாக்குகின்றன.

பெரிய தவறு, சாதாரணப் பசியைக் கணக்கில் சேர்க்காமல் மனதை மட்டும் குற்றம் சொல்வது.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஐரோப்பாவில் பட்டினியால் வாடும் மக்களுக்குப் போருக்குப் பிறகு எப்படிச் சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது என்று தெரிந்துகொள்வது நோக்கம். ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்களில் 36 பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். உடலும் மனமும் நலமாக இருந்தவர்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 24 வாரம், ஒரு நாளைக்குச் சராசரியாக 1,570 கலோரி அளவில்தான் உணவு. இன்றைக்குப் பல டயட் அட்டவணைகளில் இதைவிடக் குறைவான எண்ணைப் பார்க்கலாம் என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

அந்த இளைஞர்கள் மெலிந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்களுடைய மனம் முழுக்கச் சாப்பாட்டின் பக்கம் திரும்பிவிட்டது. பொழுதுபோக்காகச் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். கனவில் உணவு வந்தது. தட்டை நக்கினார்கள். சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காத நிலை. சோதனை முடிந்து வேண்டிய அளவு உணவு கிடைத்த பிறகும் பலருக்கு நிறுத்தத் தெரியவில்லை. வயிறு நிறைந்த பின்னும் பசிப்பதாகச் சொன்னார்கள். இதற்கு முன் சாப்பாட்டில் எந்தப் பிரச்சினையும் இல்லாதவர்கள் அவர்கள். அவர்களுடைய குணம் மாறிவிடவில்லை. பட்டினி கிடந்த உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த வேலை அது.

இதை நம் வீட்டுச் சமையலறையில் வைத்துப் பார்த்தால் நிறைய விளங்கும். காலையில் எல்லோருக்கும் டிபன் செய்து, டப்பா கட்டி, அனுப்பிவிட்டுப் பதினொரு மணி வரை காபியிலேயே ஓட்டுகிற பெண்கள் எத்தனை பேர்! பிறகு ஆறிப்போன இரண்டு இட்லியை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வார்கள். மதியம் மற்றவர்கள் சாப்பிட்டு மீந்தது. மாலை நான்கு மணிக்கு முறுக்கு டப்பாவில் கை போனால் நிற்காது. அதற்குப் பெயர் 'வாய் அடங்கவில்லை' என்பதா? நாள் முழுக்க வரவேண்டிய சாப்பாட்டை உடம்பு ஒரே நேரத்தில் கேட்கிறது, அவ்வளவுதான். இந்தப் பெண்ணிடம் போய் மனதைக் கட்டுப்படுத்து, தியானம் செய் என்று சொல்வது அநியாயம். எட்டரை மணிக்கு உட்கார்ந்து, சூடாக, வயிறு நிறையச் சாப்பிட வழி செய்வதுதான் அவருக்கு முதல் வைத்தியம். மாலை ஆசையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

தூக்கத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நலமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்தது, பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடியது. இனிப்பும் மாவும் உப்புமான பண்டங்களின் மேல்தான் ஆசை அதிகம் போனது. இரவுப் பணியில் இருப்பவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் தங்களைத் திட்டிக்கொள்ளும் முன் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

சரி, பசியே இல்லை, வயிறு நிறைந்துதான் இருக்கிறது, ஆனாலும் கை போகிறது என்றால்? அங்கே இரண்டாவது தவறு வருகிறது. உணவை நல்லது, கெட்டது என்று பிரித்து, கெட்டதைத் தொட்டால் அந்த நாளே பாழ் என்று நினைப்பது. 1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மாக்கும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. கல்லூரி மாணவிகளில் சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்துக் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். டயட் பற்றிக் கவலைப்படாதவர்கள், மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். டயட்டில் கவனமாக இருந்தவர்களோ மில்க்‌ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். 'விதி உடைந்துவிட்டது, இனி என்ன' என்ற எண்ணம்தான் காரணம். ஒரு துண்டு மைசூர்பாகால் வரும் கெடுதல் சிறியது. "இன்னிக்குப் போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்" என்று அதற்குப் பின் காலி செய்யும் பெட்டிதான் பெரியது. திங்கட்கிழமை வரப்போகிற பட்டினியை நினைத்து ஞாயிற்றுக்கிழமை சேர்த்துத் தின்பதும் இதே கணக்குதான்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பேச்சு பொருந்துமா என்று கேட்கலாம். அவர்கள் அளவு பார்த்தே ஆகவேண்டும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வீட்டார் போலீஸ் வேலை பார்ப்பது பெரும்பாலும் பலிப்பதில்லை. பெரியவர் ஒருவரின் தட்டை மகனும் மருமகளும் பேரனும் மாறி மாறிக் கண்காணித்தால், அவர் நடைப்பயிற்சிக்குப் போகிற வழியில் கடையில் நின்று ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டு வருவார். ஒளித்துச் சாப்பிட்டது டாக்டரின் காதுக்குப் போகாது. அளவு ஏன் ஏறுகிறது என்று புரியாமல் மருந்து மட்டும் மாறும். வீட்டில் எல்லோர் முன்னாலும், சாப்பாட்டோடு சேர்த்து, டாக்டரிடம் கேட்ட அளவில் ஒரு சின்னத் துண்டு சாப்பிடுவது இதைவிட எவ்வளவோ மேல். சில வகை மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள் வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும் என்பதையும் குடும்பத்தார் மறக்கக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள் அன்பினால் செய்பவை. அதனாலேயே விடுவது கஷ்டம். "இந்தப் பொரியலைச் சாப்பிட்டால் சாக்லேட்" என்று பேரம் பேசும்போது, பொரியல் தண்டனை, சாக்லேட் பரிசு என்று குழந்தைக்கு நாமே கற்றுக் கொடுக்கிறோம். அழுதால் பிஸ்கட் கொடுப்பதும் அப்படித்தான். அழுகைக்கு என்ன காரணம் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் வாய்க்கு ஏதோ வந்தது. இதையே வருடக் கணக்கில் பழகிய குழந்தை வளர்ந்து, மனம் நொந்த நாளில் பிஸ்கட் பாக்கெட்டைத் தேடினால் அதில் வியப்பென்ன?

வற்புறுத்தலும் பலன் தருவதில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லீயன் பர்ச் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சின்னக் குழந்தைகளிடம் சூப்பைக் குடித்து முடி என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தபோது அவர்கள் குறைவாகக் குடித்தார்கள், அதைப் பற்றிக் குறையும் அதிகமாகச் சொன்னார்கள். எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று கையில் உருண்டையோடு பின்னாலேயே ஓடிப் பழகிய பாட்டிகளுக்கு இது கல்நெஞ்சக்காரத்தனமாகத் தெரியும். குழந்தையின் எடை சரியாக ஏறிக்கொண்டிருந்தால், அந்தக் கடைசி வாயை விட்டுவிடலாம். எடை ஏறவில்லை என்றால் ஓடிப் பயனில்லை, குழந்தை மருத்துவரிடம்தான் காட்டவேண்டும்.

போனைக் காட்டி ஊட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்களும் அதையேதான் செய்கிறோம். வயிறு நிறைந்தது என்ற உணர்வில் ஞாபகத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பால் ரோசினும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல், நினைவாற்றலைக் கடுமையாக இழந்த இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மதிய உணவு முடித்துப் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் இன்னொரு மதிய உணவை வைத்தால், அதையும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதே நினைவில் இல்லை. நமக்கு அந்த அளவுக்கு மறதி கிடையாது. ஆனால் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சுசான் ஹிக்ஸ் நடத்திய ஆய்வில், டிவி பார்த்துக்கொண்டே மதியம் சாப்பிட்டவர்கள் பிற்பகலில் பிஸ்கட்டைக் கூடுதலாகத் தின்றார்கள். சாப்பாடு மனதில் சரியாகப் பதியவில்லை. ஒரு வேளையாவது போனை வேறு அறையில் வைத்துவிட்டுச் சாப்பிடுவது, எந்த உணவையும் தடை செய்யாமல் நம்மால் செய்ய முடிகிற மாற்றம்.

மனக்கஷ்டத்துக்குச் சாப்பிடுவதே கூடாது என்று சொல்கிறேனா? இல்லை. காய்ச்சலில் ரசம் சாதம் கேட்பதும், துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சமைத்து அனுப்புவதும் நம் வாழ்க்கையின் நல்ல பகுதிகள். உணவு மட்டுமே ஒரே ஆறுதல் என்று ஆகிவிடுவதுதான் சிக்கல். அதே மினசோட்டா பல்கலைக்கழகத்தில், 2014-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சோகமான காட்சிகளைக் காட்டிவிட்டு, சிலருக்கு அவர்களுக்குப் பிடித்த ஆறுதல் உணவையும், சிலருக்கு வேறு உணவையும் கொடுத்தார்கள், சிலருக்கு எதுவுமே கொடுக்கவில்லை. எல்லோருடைய மனநிலையும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியது. மனம் தானாகவே மீள்கிறது, புகழ் ஐஸ்கிரீமுக்குப் போகிறது. ஆகவே டப்பாவைத் திறக்கும் முன், இப்போது பசியா, களைப்பா, யாரிடமாவது பேச வேண்டும் போலிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். பசி என்றால் தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பேச வேண்டும் போலிருந்தால் யாரையாவது கூப்பிடுங்கள்.

கல்யாண வீட்டில் பார்த்தவுடன் "என்ன, குண்டாயிட்டே?" என்று கேட்பதையும், "இளைச்சுட்டியே, சூப்பர்!" என்று பாராட்டுவதையும் இன்றோடு நிறுத்திவிடலாம். அந்த எடை எதனால் ஏறியது, எதனால் இறங்கியது என்று கேட்பவருக்குத் தெரியாது.

கடைசியாக, எல்லாவற்றையும் வெறும் பழக்கம் என்று நினைத்து வீட்டிலேயே சரிசெய்யப் பார்ப்பதும் ஒரு தவறு. நிறுத்த முடியாமல் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிடுவது வாரத்துக்கு ஒரு முறையாவது, மாதக்கணக்கில் நடந்தால், அது நோயாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் இதைத் தனி நோயாகவே வகைப்படுத்தியது. சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்குவது ஆகியவை உயிருக்கே ஆபத்தாகலாம். பேச்சு வழிச் சிகிச்சையால் பலர் குணமாகியிருக்கிறார்கள். இந்தியாவில் இருப்பவர்கள் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில், எந்த நேரமும் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போகும்போது "எடை குறையணும்" என்று மட்டும் சொன்னால் கையில் ஒரு டயட் அட்டவணைதான் கிடைக்கும். "ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை, யாரும் பார்க்காதபோது சாப்பிடுகிறேன், பிறகு வெட்கமாக இருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.