பள்ளியில் கஞ்சா தடுப்பு: நல்ல எண்ணத்தில் நடக்கும் தவறுகள்

மாணவர்களிடம் கஞ்சா புழங்குவதாகக் காதில் விழுந்ததும் பெரும்பாலான பள்ளிகள் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போடும். போலீஸ் அதிகாரி பேசுவார், திரையில் பயங்கரமான படங்கள் ஓடும், எல்லோரும் உறுதிமொழி எடுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்புவார்கள். அக்கறையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த வழி பலன் தருவதில்லை என்பது தெரிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய ‘டேர்’ என்ற போதைத் தடுப்புத் திட்டத்தில் போலீசாரே வகுப்பெடுத்தார்கள். அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின.

மிகைப்படுத்திப் பயமுறுத்துவது அதைவிடக் கெடுதல். ‘ஒரு தடவை இழுத்தால் வாழ்க்கையே போச்சு’ என்கிறோம். ஆனால் இழுத்துவிட்டு மறுநாள் சாதாரணமாக வகுப்புக்கு வரும் ஒருவரை மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் நாம் சொல்லும் உண்மையும் எடுபடாது. உள்ளதைச் சொன்னாலே போதும். மூளையின் வளர்ச்சி 25 வயதை ஒட்டித்தான் முழுமையாகிறது. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருள் நினைவாற்றலையும் கவனத்தையும் பாதிக்கிறது. பதின்பருவத்தில் தொடங்குபவர்களில் சுமார் 6 பேரில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார்.

‘இப்போ எல்லாப் பசங்களும் இழுக்கிறாங்க’ என்று மேடையில் புலம்புவதும் வேண்டாம். சக மாணவர்கள் எவ்வளவு பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் ஏற்கெனவே கூடுதலாகத்தான் நினைக்கிறார்கள். தொடாதவர்களே அதிகம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சரி, எதைச் செய்யலாம்? 12 முதல் 14 வயதுக்குள், பழக்கம் தொடங்கும் முன்பே, பல வாரங்களுக்குச் சிறு சிறு வகுப்புகள். நண்பன் நீட்டும்போது நட்பு கெடாமல் மறுப்பது எப்படி, பதற்றத்தையும் கோபத்தையும் கையாள்வது எப்படி என்று நடித்துப் பார்த்துப் பழக வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியரே நடத்தலாம். ஒன்று மட்டும்: ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்களைத் தனிக் குழுவாக உட்கார வைக்காதீர்கள். அங்கே அவர்களுக்குள் நெருக்கம் கூடி, பழக்கம் இன்னும் வலுப்படக்கூடும்.

என்னை மிகவும் வருத்தும் தவறு, பிடிபட்டவரை வெளியே அனுப்புவது. மற்ற பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் நடந்த ஆய்வில், இடைநீக்கத்தை நம்பிய பள்ளிகளில்தான் அடுத்த வருடம் கஞ்சா பயன்படுத்தும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆலோசகரிடம் அனுப்பிய பள்ளிகளில் அது குறைவு. யோசித்துப் பாருங்கள்: வீட்டில் பெரியவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளை யாரோடு இருக்கும்? பாடம் விட்டுப்போகும், ஒட்டியிருந்த ஒன்றிரண்டு நல்ல நண்பர்களும் விலகுவார்கள். படிப்போடும் ஆசிரியரோடும் உள்ள பிணைப்புதான் அந்தப் பிள்ளைக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு; அதை நாமே அறுத்துவிடுகிறோம்.

தானாக வந்து உதவி கேட்கும் மாணவருக்கும், நண்பனுக்காக வந்து சொல்பவருக்கும் தண்டனை கிடையாது என்று பள்ளி விதியிலேயே எழுதிவையுங்கள். யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதையும் அதில் சேர்த்து, வருடத் தொடக்கத்தில் பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.