சென்ட் கெட்டுப்போவது கடையிலா, வீட்டிலா?

சித்திரை பிறந்து வெயில் ஏறியதும் கடைக்குப் பழைய பாட்டில்கள் திரும்பி வரத் தொடங்கும். "அண்ணே, போன தடவை வாங்கினது ஒரிஜினல்தானா? ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்கள். பாட்டிலை வாங்கிப் பேப்பர் ஸ்ட்ரிப்பில் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் சரக்கு நல்ல சரக்காகவே இருக்கும். வைத்த இடம்தான் சரியில்லை.

நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளைத்தான் இப்போது புதிதாக நல்ல சென்ட் வாங்கும் பிள்ளைகளும் செய்கிறார்கள். குளிக்காமல் சென்ட் அடிக்காதே என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன். காசு வீணாகிற தவறுகளும், உடம்புக்கும் துணிக்கும் கேடான தவறுகளும்தான் இங்கே.

ஜன்னல் ஓரமும் கார் டேஷ்போர்டும்

எத்தனை பேருக்குச் சொன்னாலும் தீராத தவறு இது. எனக்கு இன்னமும் ஆத்திரம் வருவதும் இதில்தான்.

ஒரு தம்பி முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு நல்ல பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தான். எலுமிச்சையும், அதே இனத்துப் பழமான பெர்கமாட்டுமாகத் தொடங்கி வெட்டிவேரில் வந்து நிற்கிற சென்ட். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று ஹாலில் ஜன்னலை ஒட்டிய ஷோகேஸில் வைத்துவிட்டார். மேற்குப் பார்த்த ஜன்னல். ஐப்பசியில் வாங்கிய பாட்டில் வைகாசியில் என் மேசைக்கு வந்தது. வெளிர் மஞ்சளாக இருந்த திரவம் கரும்பழுப்பாகியிருந்தது. அடித்ததும் எலுமிச்சை வரவில்லை. நகப்பூச்சு அழிக்கிற திரவம் போலச் சுருக்கென்று ஒரு நெடி, கூடவே ஒரு கசப்பு. ஸ்ட்ரிப்பை அப்படியே மேசையில் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். இருபது நிமிடம் கழித்து எடுத்து அவன் கையில் கொடுத்தேன். வெட்டிவேர் கொஞ்சமும் குறையாமல் இருந்தது. "நீ வாங்கினது இதேதான் தம்பி. மேல் வாசம் மட்டும் வெந்துபோச்சு" என்றேன். அவனுக்குப் பேச்சே வரவில்லை.

இந்தச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். வெயிலில் கெட்ட அசல் சென்ட் தொடக்கத்தில் நெடி அடித்து, போகப்போகத் தன் நிலைக்கு வரும். போலிச் சரக்கு பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. முதல் ஐந்து நிமிடம் அசலைப் போலவே மணக்கும், அப்புறம் அடியில் ஒன்றுமே இருக்காது.

ஏன் இப்படி ஆகிறது? சென்ட்டில் பெரும்பகுதி எத்தனால் என்கிற ஆல்கஹால். ஓ த டாய்லெட் வகையில் வாசனைப் பொருள் சுமார் 5 முதல் 15 சதவீதம், ஓ த பர்ஃபம் வகையில் 15 முதல் 20 சதவீதம். அந்தச் சின்னப் பங்கிலும் எல்லாம் ஒரே மாதிரி தாக்குப்பிடிப்பதில்லை. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமொனீன், லாவெண்டரில் இருக்கும் லினலூல் இரண்டும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சீக்கிரமே வேறு பொருளாகிவிடும். மணம் போவது மட்டுமில்லை, அப்படி மாறிய பொருள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவரும். சந்தனம், வெட்டிவேர், பச்சோலி, கஸ்தூரி வகையெல்லாம் கனமானவை, அவ்வளவு எளிதில் அசையாது. சூடும் வெளிச்சமும் இந்த மாற்றத்தை வேகப்படுத்துகின்றன.

பிரான்சில் வெர்சாய் நகரத்தில் ஆஸ்மோதெக் என்று சென்ட்டுகளுக்கென்றே ஒரு காப்பகம் 1990 முதல் இயங்குகிறது. உற்பத்தி நின்றுபோன பழைய சென்ட்டுகளை அங்கே 12 டிகிரியில், இருட்டில், பாட்டிலுக்குள் காற்றுக்குப் பதிலாக ஆர்கான் வாயுவை நிரப்பி வைத்திருக்கிறார்கள். சூடு, வெளிச்சம், ஆக்சிஜன் மூன்றையும் அண்டவிடாமல் செய்கிற ஏற்பாடு அது. நம் ஊரில் மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அந்த டேஷ்போர்டில் பாட்டிலைப் போட்டுவிட்டு ஆபீசுக்குள் போகிறார்கள்! மணம் போவது இருக்கட்டும், அது தீப்பிடிக்கக்கூடிய திரவம். பாடி ஸ்ப்ரே டின் என்றால் வெடிக்கவும் கூடும். டின்னிலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது.

சரி, வீட்டில் எங்கே வைப்பது? வாங்கிய அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள், பாட்டிலுக்கு முதல் காவல் அதுதான். பெட்டியோடு மர அலமாரியின் கீழ்த்தட்டில், வீட்டின் உள்சுவர்ப் பக்கமாக, நிமிர்த்தி வையுங்கள். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரண் வேண்டாம், ராத்திரியிலும் அங்கே சூடு இறங்காது. மேற்குச் சுவரில் சாய்த்து வைத்த இரும்பு பீரோவைச் சாயங்காலம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், உள்ளே வைக்கலாமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கீசர் ஓடுகிற குளியலறையில் தினமும் சூடு ஏறி இறங்கும், அதுவும் ஆகாது. படுக்கையறைக் கண்ணாடி மேசை அழகாகத்தான் இருக்கும். அங்கே காலிப் பாட்டில்களை அடுக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நிறம் மாறினாலே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வெனிலா வாசம் உள்ள சென்ட்டுகள் வெனிலின் என்ற பொருளால் நாளாக ஆகத் தானாகவே பழுப்பேறும். நிறத்தைப் பார்த்ததும் கொட்டிவிடாமல் முகர்ந்து பாருங்கள்.

நல்ல நாளுக்கு என்று பதுக்குவது

துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த பாட்டில் பல வீடுகளில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கும். தீபாவளிக்கு இரண்டு சொட்டு, கல்யாணத்துக்கு இரண்டு சொட்டு. பிரிக்காத பாட்டில் பெட்டிக்குள் குளிர்ச்சியாக இருந்தால் பல வருடம் கெடாது, உண்மைதான். ஆனால் பாதி காலியான பாட்டிலில் மீதி இடம் முழுக்கக் காற்று. அதில் மிச்சமிருப்பது வேகமாக மாறும். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் சாதாரண நாளிலும் எடுத்துப் பூசுங்கள். ஆசையாகக் கொடுத்தவருக்கு அதில்தான் சந்தோஷம்.

பாச்சை உருண்டை போட்ட பீரோவில் வைக்கவே வேண்டாம். அட்டைப்பெட்டியில் ஏறிய நாப்தலீன் நெடி லேசில் போகாது, கையில் எடுக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் மூக்கில் ஏறும்.

பிரிட்ஜ்

தேவையில்லை. எடுப்பதும் வைப்பதுமாகக் குளிரும் சூடும் மாறி மாறிப் படுவதைவிட, ஒரே சீராக இருக்கிற அலமாரி மேல்.

மணிக்கட்டை உரசுவது

சினிமாவில் பார்த்துப் பழகியது. உரசினால் வாசனை மூலக்கூறுகள் உடைந்துவிடும் என்று பலர் சொல்வார்கள், அப்படி எதுவும் உடைவதில்லை. ஆனால் தேய்க்கிற சூட்டில் மேல் வாசம் சட்டென்று ஆவியாகிவிடும். தயாரித்தவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த முதல் பத்து நிமிடம் உங்களுக்குக் கிடைக்காமலே போகும். அடியுங்கள், காயவிடுங்கள், அவ்வளவுதான்.

வறண்ட தோலில் எந்த சென்ட்டும் நிற்காது. குளித்துத் துவட்டியதும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவி, அதன் மேல் அடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கடையில் இரண்டு நிமிடத்தில் முடிவெடுப்பது

நீங்கள் முதலில் முகர்வது கால் மணி நேரத்தில் போய்விடுகிற வாசம். நாள் முழுக்க உங்களோடு இருக்கப்போவது அடியில் இருப்பது. ஸ்ட்ரிப்பில் பிடித்திருந்தால் ஒரு கையில் மட்டும் அடித்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வியர்க்கட்டும், பேருந்தில் ஏறி இறங்குங்கள். அப்போதும் பிடித்திருந்தால் வாங்குங்கள். இப்படி அனுப்பினால் பாதிப்பேர் திரும்பி வர மாட்டார்கள் என்று பயப்படுகிற கடைக்காரர்கள் உண்டு. திரும்பி வருகிறவர் மனநிறைவோடு வாங்கிப் போகிறார், எனக்கு அது போதும்.

நாலைந்து சென்ட்டுக்கு மேல் ஒரே நாளில் பார்க்காதீர்கள். நடுவில் காப்பிக்கொட்டை முகர வேண்டுமென்பதில்லை, கடை வாசலில் நின்று கொஞ்சம் வெளிக்காற்று வாங்கினாலே மூக்கு தெளிந்துவிடும்.

மூக்கை நம்பி மறுபடி அடிப்பது

காலையில் அடித்தது மதியம் உங்களுக்குத் தெரியாது. ஒரே வாசத்திலேயே இருந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை விட்டுவிடும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். போய்விட்டது என்று நினைத்து மேலே மேலே அடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினால் ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். நம் ஊர் சூட்டில் மணம் வேகமாகக் கிளம்பிப் பரவும். இரண்டு முறை அழுத்தினால் போதும். சந்தேகம் இருந்தால் வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள்.

விளக்கு, அடுப்பு

சென்ட் அடித்த ஈரம் காயுமுன் குத்துவிளக்குப் பக்கமோ கேஸ் அடுப்புப் பக்கமோ போகவே கூடாது.

கழுத்தில் அடித்துக்கொண்டு வெயிலில் நடப்பது

பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டன் என்று ஒரு பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது கடும் வெயில் பட்டால் அந்த இடம் சிவந்து, பிறகு கருந்திட்டாகி, ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இப்போதைய நல்ல தயாரிப்புகளில் பெர்காப்டனை நீக்கிய எண்ணெயைத்தான் சேர்க்கிறார்கள். பயப்பட வேண்டியது, எசென்ஷியல் ஆயில்களை வாங்கி வீட்டிலேயே சென்ட் கலக்குகிறவர்கள். அதைச் சட்டையின் உட்புறத்தில் அடித்துக்கொள்ளுங்கள், கழுத்தில் வேண்டாம்.

பட்டு, அத்தர், முத்து

அத்தரில் ஆல்கஹால் கிடையாது, எண்ணெய்தான். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் செம்புக் கலத்தில் பூவையும் தண்ணீரையும் போட்டுக் காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய் உள்ள குடுவைக்குள் இறக்குவார்கள். சந்தனம் விலை ஏறிய பிறகு பல இடங்களில் அந்த எண்ணெய்க்குப் பதில் லிக்விட் பாரஃபின் வந்துவிட்டது. எதுவானாலும் பட்டில் பட்டால் கறைதான். கல்யாண வீட்டில் அன்பாகப் பட்டுப்புடவை முந்தானையில் தடவிவிடுகிற பெரியவர்களைக் கொஞ்சம் தடுத்து, கையை நீட்டுங்கள். அத்தருக்கு மணிக்கட்டும் காதுக்குப் பின்புறமும்தான் சரியான இடம். ஒரு சொட்டு நனைத்த பஞ்சைக் காது மடலில் செருகிக்கொள்ளும் பழைய வழக்கமும் நல்ல வழக்கம், துணியில் படாமல் மணம் மெதுவாக இறங்கும்.

ஆல்கஹால் சென்ட்டும் பட்டில் வேண்டாம், நிறமோ சரிகையோ மங்கலாம். முத்துமாலை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முத்தின் மேலடுக்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சென்ட் படப்படப் பளபளப்பு மங்கிவிடும். முதலில் சென்ட், அது காய்ந்தபின் புடவை, கடைசியில் முத்து. மாலையைக் கழற்றியதும் ஈரமில்லாத மெல்லிய துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.