இமாம் கஸ்ஸாலியின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எப்படி?

இஸ்லாமியத் தத்துவ அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுத முற்படுவோர் பெரும்பாலும் பிறப்பு, கல்வி, பதவி, நூல்கள், மறைவு என்ற வரிசையில் குறிப்புகளை அடுக்கிவிட்டு வேலை முடிந்ததாகக் கருதுகிறார்கள். இமாம் அபூஹாமித் அல்கஸ்ஸாலி விஷயத்தில் அந்த வழி உதவாது. பாக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியர் பதவியை அவர் 1095-இல் துறந்து வெளியேறினார். அந்த ஒரு நிகழ்வை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்தே அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றின் பொருள் மாறுகிறது. எனவே அவருடைய நூல்கள் எந்த வரிசையில் எழுதப்பட்டன என்பதை முதலில் நிறுவிக்கொண்டு, அந்த அடித்தளத்தின் மீதே வாழ்க்கையை எழுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஆண்டுக் கணக்கு

மூலங்கள் எல்லாம் ஹிஜ்ரி ஆண்டில் பேசுகின்றன. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்களே என்பதால், ஓர் ஆண்டு பெரும்பாலும் இரண்டு கிறிஸ்தவ ஆண்டுகளின் மீது படிந்து நிற்கும். ஹிஜ்ரி எண்ணை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் தோராயமான விடை கிடைக்கும். ஆனால் மாதம் தெரிந்த இடத்தில் தோராயத்தோடு நின்றுவிடக் கூடாது. கஸ்ஸாலி ஈரானின் தூஸ் நகரில் ஹிஜ்ரி 450-இல் பிறந்தார் என்பது மரபான செய்தி. அந்த ஆண்டு 1058 பிப்ரவரி இறுதியில் தொடங்கி 1059 பிப்ரவரியில் முடிகிறது. ஆகவே மாதம் தெரியாத நிலையில் '1058' என்று மட்டும் எழுதுவது மூலம் சொல்லாததைச் சொல்வதாகும். அவர் தம் வயதைக் குறித்துக் கடிதங்களில் சொல்பவற்றைக் கொண்டு, பிறப்பை ஓரிரு ஆண்டுகள் முன்னே தள்ள வேண்டும் என்று பிராங்க் கிரிஃபெல் 2009-இல் வெளியான தம் ஆய்வில் வாதிட்டிருக்கிறார். இரண்டு கணக்கையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாதம் தெரிந்தால் எவ்வளவு துலங்குகிறது என்பதற்கு ஹிஜ்ரி 488 நல்ல சான்று. அந்த ஆண்டு 1095 ஜனவரியில் தொடங்குகிறது. தத்துவவாதிகளை மறுக்கும் 'தஹாஃபுத் அல்ஃபலாஸிஃபா' நிறைவுற்றது முஹர்ரம் மாதத்தில், அதாவது ஜனவரியில். உள்ளப் போராட்டம் தொடங்கியதாக அவர் சொல்வது ரஜபில், அதாவது ஜூலையில். பாக்தாதை விட்டுப் புறப்பட்டது துல்கஃதாவில், அதாவது நவம்பரில். தத்துவத்துக்கு எதிரான தம் பெரும் நூலை முடித்த ஆறே மாதங்களில் அவருக்கு நா எழாமல் போயிற்று. வெறுமனே 'ஹிஜ்ரி 488' என்று எழுதியவர் கண்ணுக்கு இது படாது.

அவருடைய தன்வரலாற்றை எப்படிப் படிப்பது

'அல்முன்கித் மினள் ளலால்' என்ற தன்வரலாற்று நூல்தான் எல்லோரும் முதலில் எடுக்கும் மூலம். ஐம்பது வயதைக் கடந்த பின், மீண்டும் பாடம் நடத்தத் தொடங்கிய காலத்தில் எழுதியது. பேராசிரியராக நின்றவரின் நாவு பூட்டிக்கொண்டதையும், உணவு இறங்காமல் உடல் தளர்ந்ததையும், இது உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவிய நோய் என்று மருத்துவர்கள் கைவிட்டதையும் அவர் எழுதியிருக்கும் பக்கங்களை எத்தனை முறை படித்தாலும் மனம் கனக்கிறது. மக்காவுக்குப் போவதாக ஊருக்குச் சொல்லிவிட்டு, உள்ளுக்குள் ஷாம் தேசத்துக்கு, அதாவது சிரியாவுக்கு, பயணம் திட்டமிட்டதையும் அவர் மறைக்கவில்லை.

ஆயினும் அந்த நூலின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். உண்மையைத் தேடுவோரைக் கலாம் எனும் இறையியல் வாதக் கலையின் அறிஞர்கள், தத்துவவாதிகள், பாத்தினிகள் என்று அழைக்கப்பட்ட இஸ்மாயிலிகள், சூஃபிகள் என்று நான்கு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தையும் தாம் ஆராய்ந்து கடந்து வந்ததாக அவர் காட்டுகிறார். இது வாத வரிசை. இதைக் கால வரிசையாக எடுத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் பிழை. தத்துவத்தை ஆசிரியர் துணையின்றி, முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்திய நேரம் போக எஞ்சிய பொழுதில், இரண்டு ஆண்டுக்கும் குறைவாகப் படித்து முடித்ததாகவும், பிறகு ஏறக்குறைய ஓராண்டு அதையே சிந்தித்ததாகவும் அவர் சொல்கிறார். அவர் பாக்தாதுக்கு வந்தது 1091 ஜூலையில். தஹாஃபுத் முடிந்தது 1095 ஜனவரியில். இந்த மூன்றரை ஆண்டுக்குள் இந்தக் கல்வியையும், இருபது விவாதங்களைக் கொண்ட அந்த நூலையும், கலீஃபா அல்முஸ்தஸ்ஹிருக்காகப் பாத்தினிகளை மறுத்து எழுதிய நூலையும், வேறு சிலவற்றையும் வைத்துப் பாருங்கள். நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனியிடம் பயின்ற நாட்களிலேயே இப்னு சீனாவின் தத்துவம் அவருக்கு அறிமுகமாகியிருக்கும் என்ற ஐயம் இயல்பாக எழுகிறது. கஸ்ஸாலி பொய் சொன்னார் என்பதல்ல இதன் பொருள். ஆசிரியரின் கைபிடிக்காமல் எவரும் தேடலாம் என்று வாசகருக்குக் காட்டுவதே அந்த நூலின் நோக்கம், அதற்கேற்பவே அவர் தம் நினைவுகளைத் தொகுத்திருக்கிறார்.

பிறர் சாட்சியங்கள்

தன்வரலாற்றுக்குப் பக்கத்தில், அவரை நேரில் கண்டவர்களின் சொல்லை வையுங்கள். அப்துல் காஃபிர் அல்ஃபாரிஸி அவரைப் பலமுறை சந்தித்தவர். முன்பு கஸ்ஸாலியிடம் கண்ட செருக்கையும் பிறரைச் சிறுமையாக நோக்கிய போக்கையும் அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். பிற்காலப் பணிவு நடிப்போ என்று தாம் ஐயுற்றதையும், சோதித்துப் பார்த்த பின் அது உண்மை என்று தெளிந்ததையும் எழுதுகிறார். புகழ்மாலைகளைவிட இத்தகைய சாட்சி பல மடங்கு மதிப்புடையது.

இரண்டாமவர் அந்தலூசிலிருந்து, அதாவது முஸ்லிம் ஸ்பெயினிலிருந்து, வந்த அபூபக்ர் இப்னுல் அரபி. இவர் ஹிஜ்ரி 490-இல், அதாவது 1097-இல், கஸ்ஸாலியைப் பாக்தாதிலேயே சந்தித்ததாகப் பதிவு செய்திருக்கிறார். பத்தாண்டுகள் ஷாமில் மறைந்து வாழ்ந்தார் என்று பரவலாகச் சொல்லப்படும் கதை இந்த ஒரு வரியால் சரிந்துவிடுகிறது. முன்கித்தைத் திரும்பப் புரட்டினால், ஷாமில் இருந்தது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் என்றுதான் கஸ்ஸாலியே எழுதியிருக்கிறார் என்பதும், பத்தாண்டு என்று அவர் சொல்வது தனிமை வாழ்வு முழுவதையும் பற்றியது என்பதும் புலப்படும்.

பிற்காலத் திரட்டுகளில் வரும் கதைகளுக்கு எதிரில் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் அதைப் பதிவு செய்தவருக்கும் எத்தனை ஆண்டு இடைவெளி? வழிப்பறிக்காரர்கள் அவருடைய குறிப்புகளைப் பறித்ததும், 'தாள் போனால் போய்விடும் அறிவு என்ன அறிவு' என்ற பொருளில் அவர்களின் தலைவன் கேட்டதும், அதன் பின் அவர் எல்லாவற்றையும் மனனம் செய்ததும் நம்மில் பலர் சிறு வயதிலேயே கேட்ட கதை. அதை நமக்குத் தரும் அஸ்ஸுப்கி 1370-இல் மறைந்தவர். கதையை விட்டுவிட வேண்டியதில்லை. அறிவிப்பாளர் பெயரையும் இடைவெளியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நூல்களை வரிசைப்படுத்தும் முறை

ஓர் எண்ணிட்ட அட்டையில் ஒரு நூல் வீதம் எழுதிக்கொண்டு, அந்த நூலில் அவர் தம்முடைய வேறு எந்த நூல்களைக் குறிப்பிடுகிறார் என்பதை அதன் கீழே பதியுங்கள். குறிப்பிடப்படும் நூல் பெரும்பாலும் முந்தையது. ஆனால் 'இனி எழுதுவோம்' என்று சொல்லும் இடங்களும், பின்னாளில் அவரே திருத்திச் சேர்த்த இடங்களும் உண்டு என்பதால் வாக்கியத்தை முழுமையாகப் படிக்க வேண்டும். பிறகு, தேதி உறுதியாகத் தெரிந்த நூல்களை ஆணி அடித்தாற்போல் நிறுத்துங்கள். சட்டக் கோட்பாட்டு நூலான 'அல்முஸ்தஸ்ஃபா' ஹிஜ்ரி 503 முஹர்ரத்தில், அதாவது 1109 ஆகஸ்டில் நிறைவுற்றது. 'இல்ஜாமுல் அவாம்' அவர் மறைவதற்குச் சில நாட்கள் முன்னர் முடிந்தது. 'இஹ்யா உலூமித்தீன்' இந்த ஆணிகளுக்கும் தஹாஃபுத்துக்கும் இடையில், பாக்தாதை விட்டுப் போன பிறகு உருவானது.

அவர் பெயரில் வழங்கும் எல்லா நூல்களும் அவருடையவை அல்ல. 'ஸிர்ருல் ஆலமைன்' என்ற நூலில், கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரியிடமிருந்து நேரில் கவிதை கேட்டதாக ஒரு செய்தி வருகிறது. மஅர்ரி 1057-இல் மறைந்துவிட்டார்; பிறப்பின் எந்தக் கணக்கின்படியும் கஸ்ஸாலி அவரிடம் கவிதை கேட்டிருக்க முடியாது. பிறப்பு ஆண்டைச் சரியாகக் குறித்துக்கொள்ளச் சொன்னதன் பயன் இங்கே தெரியும்.

முன்னுரையைத் தவறவிடுவது எவ்வளவு பெரிய கேடு என்பதற்கு வரலாறே சாட்சி. தத்துவவாதிகளின் கொள்கைகளை விளக்கும் 'மகாஸித் அல்ஃபலாஸிஃபா' பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலிடோவில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோது, பின்னர் மறுப்பதற்காகவே இதை எடுத்துரைக்கிறேன் என்று அவர் சொல்லும் முன்னுரை இல்லாமலேயே பெரும்பாலான படிகள் பரவின. விளைவாக, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் கஸ்ஸாலியை இப்னு சீனாவின் சீடராகவே படித்தன.

நாட்டு நிலையை எங்கே சேர்ப்பது

தனி அத்தியாயமாக வேண்டாம். நிகழ்வின் அருகிலேயே வையுங்கள். அவரைப் பாக்தாதுக்கு அனுப்பிய அமைச்சர் நிஜாமுல் முல்க் 1092 அக்டோபரில் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே ஸெல்ஜூக் சுல்தான் மலிக்ஷா மறைந்தார். வாரிசுப் போர் தொடங்கியது. இந்தப் பின்னணியைக் கொண்டு, அவர் அச்சத்தால்தான் பாக்தாதைவிட்டு நீங்கினார் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. பின்னணி உண்மை, அதுவே முழுக் காரணம் என்பதற்குச் சான்று போதாது என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் பிள்ளைகளுக்குத் தேவையான அளவை மட்டும் வைத்துவிட்டு மீதிச் செல்வத்தைப் பகிர்ந்தளித்துச் சென்றவரை அச்சம் மட்டும் நடத்தியிருக்காது.

கடினமான ஓர் இடம் எஞ்சுகிறது. ஹிஜ்ரி 489-இல் நபி இப்ராஹீமின் அடக்கத்தலத்தில், ஆட்சியாளரிடம் பொருள் பெறுவதில்லை, அவர்களின் அவைக்குச் செல்வதில்லை, வாதப் போரில் இறங்குவதில்லை என்று தாம் மூன்று உறுதிகள் எடுத்ததைப் பாரசீகக் கடிதங்களில் அவர் சொல்கிறார். முன்கித்தில் இந்த உறுதிமொழி இல்லை. 1106-இல் நிஜாமுல் முல்க்கின் மகன் ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் நைஸாபூர் நிஜாமிய்யாவில் மீண்டும் ஆசிரியரானபோது, முன்பு புகழைத் தரும் கல்வியைப் பரப்பினேன், இப்போது புகழைத் துறக்கச் செய்யும் கல்விக்கு அழைக்கிறேன், ஆகவே இது திரும்பிச் செல்வது ஆகாது என்று முன்கித்தில் அவர் விளக்கம் தருகிறார். உங்கள் நூலில் கடிதச் செய்தியையும் இந்த விளக்கத்தையும் ஒரே பக்கத்தில் எதிரெதிராக வைத்து, உறுதிமொழிக்கும் மீண்டும் ஆசிரியரானதற்கும் இடையே ஏறக்குறைய பத்து ஹிஜ்ரி ஆண்டுகள் இருப்பதைக் குறிப்பிட்டுவிட்டு, அவர் தூஸுக்குத் திரும்பி 1111 டிசம்பரில் மறைந்ததற்குச் செல்லுங்கள்.