ஜெனரேட்டர் புகையில் பயோடீசல் என்ன மாற்றும்: அளந்து பார்க்கும் முறை

தேங்காய் எண்ணெயிலோ ரப்பர் கொட்டை எண்ணெயிலோ தயாரித்த பயோடீசலை டீசலில் கலந்தால் புகை குறையுமா? சின்னமுட்டத்து விசைப்படகுக்காரருக்கும் மார்த்தாண்டத்தில் கடைக்கு ஜெனரேட்டர் வைத்திருப்பவருக்கும் இந்தக் கேள்வி உண்டு. கரும்புகை குறையும். நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு குறையாது, சற்றுக் கூடவும் செய்யலாம். மண்ணெண்ணெயில் ஓடும் வள்ளத்து எஞ்சினுக்கு இது எதுவும் பொருந்தாது.

முதலில் ஒன்று: செக்கெண்ணெயை அப்படியே டாங்கில் ஊற்றாதீர்கள். 40 டிகிரியில் டீசலின் பாகுநிலை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக், தேங்காய் எண்ணெயினுடையது 27 அளவில். எரிபொருளை எஞ்சினுக்குள் தெளிக்கும் முனையான நாஸில் அதைத் தூவலாக உடைக்க முடியாமல் பெரிய துளிகளாகத் தெளிக்கும். அவை அரைகுறையாக எரிந்து நாஸில் நுனியிலும் பிஸ்டன் ரிங்கிலும் கரி கட்டும். கண்ணை எரிக்கும் அக்ரோலினும் வெளியேறும். மெத்தனாலோடு வினைப்படுத்திக் கிளிசரினைப் பிரித்தெடுத்த பிறகுதான் அது பயோடீசல். மெத்தனால் விஷம், எளிதில் தீப்பற்றும். வீட்டில் காய்ச்சாமல், ஐஎஸ் 15607 தரச்சான்று உள்ளதை வாங்குங்கள்.

சோதனைக்கு 20 சதவீதக் கலவை போதும். எஞ்சின் தயாரிப்பாளர் அந்த அளவை அனுமதிக்கிறாரா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கேனில் 8 லிட்டர் டீசலை ஊற்றி, அதன் மேல் 2 லிட்டர் பயோடீசலை விடுங்கள். பயோடீசல் கனமானது, இறங்கும்போதே கலக்கும்; மாற்றி ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும்.

ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, ஜெனரேட்டரைத் திறந்தவெளியில் வையுங்கள். 5 கேவிஏ என்றால் ஹீட்டர் போட்டு 2 முதல் 3 கிலோவாட் லோடு கொடுங்கள். கடைசிவரை அதை மாற்றக் கூடாது. முதலில் வெறும் டீசலில் 20 நிமிடம் சூடாக்குங்கள். கம்பிவலைச் சட்டத்தில் வெள்ளை வடிதாளைக் கட்டி, நீளமான பிடியோடு, சைலன்சர் வாயிலிருந்து 15 செ.மீ. தள்ளி 30 நொடி காட்டுங்கள். இப்படி மூன்று தாள். எரிபொருள் செலவை ஒப்பிட, 100 மில்லி எரிய எத்தனை நொடி ஆகிறது என்பதையும் குறியுங்கள். பிறகு கலவைக்கு மாறி 20 நிமிடம் ஓடவிட்டு மறுபடி மூன்று தாள். கடைசியாகத் திரும்ப டீசல். முதல் டீசல் தாளும் கடைசி டீசல் தாளும் ஒரே கருமையில் இல்லையென்றால் சோதனை செல்லாது.

பலர் தவறுவது ரிட்டர்ன் ஹோஸில். சப்ளை ஹோஸை மட்டும் மாற்றினால், திரும்பி வரும் எண்ணெய் பழைய டாங்கிலேயே விழுந்து கலக்கும். இரண்டையும் ஒரே கேனுக்கு மாற்றுங்கள்.

என்ன எதிர்பார்க்கலாம்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கனரக எஞ்சின் சோதனைகளை 2002-ல் தொகுத்தது. அதன்படி, சோயா பயோடீசல் 20 சதவீதம் கலந்தபோது புகையிலுள்ள துகள் 10, கார்பன் மோனாக்சைடு 11, எரியாத ஹைட்ரோகார்பன் 21 சதவீதம் குறைந்தன. நைட்ரஜன் ஆக்சைடு 2 சதவீதம் கூடியது. பயோடீசலின் எடையில் ஏறக்குறைய 11 சதவீதம் ஆக்சிஜன். அதனால்தான் கரி குறைகிறது. 10 சதவீத வித்தியாசம் தாளில் மெல்லியதாகத்தான் தெரியும். மூன்று தாள் கேட்பது அதற்காகத்தான். நைட்ரஜன் ஆக்சைடைத் தாள் காட்டவே காட்டாது, அதற்கு வாயு அளவி வேண்டும்.

நைட்ரஜன் ஆக்சைடு கூடுவதற்கு ஒரு காரணம், பயோடீசல் டீசலைவிடக் குறைவாகவே அமுங்குவது. பழைய வகை எரிபொருள் பம்ப் உள்ள எஞ்சினில் அதனால் தெளிப்பு சற்று முந்துகிறது. மெக்கானிக்கிடம் தெளிப்பு டைமிங்கை 1, 2 டிகிரி தாமதப்படுத்தச் சொன்னால் நைட்ரஜன் ஆக்சைடு இறங்கும், ஆனால் கரி கொஞ்சம் ஏறும். எண்ணெயின் வகையும் முக்கியம்: நிறைவுற்ற தேங்காய் எண்ணெய் பயோடீசல் இதில் ரப்பர் கொட்டையைவிட நல்லது. ரப்பர் கொட்டையினுடையது சீக்கிரம் கெட்டுப் பிசினாகும், மூன்று மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். செம்பு, பித்தளைக் குழாய் அதை இன்னும் விரைவுபடுத்தும்.

கலவைக்கு மாறியதும் எஞ்சின் இழுவை குறைந்தால் பயோடீசலைக் குற்றம் சொல்லுமுன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். டாங்கில் வருடக்கணக்கில் படிந்த அழுக்கைப் பயோடீசல் கரைத்து அங்கே கொண்டு சேர்த்திருக்கும். கையில் ஒரு புதிய ஃபில்டர் இருக்கட்டும். கடலோரத்தில், ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீரையும் வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள்.