பூண்டுக்கு மசியாத சாரை: வீட்டைச் சுற்றி நாம் செய்யும் தவறுகள்

சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் குடிவந்த முதல் வருஷம், ஐப்பசி மழைக்கு நடுவில் ஒருநாள் காம்பவுண்டுச் சுவரோரம் சாரைப்பாம்பு ஒன்று போனது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். சாயங்காலமே ஒரு கிண்ணம் பூண்டைத் தட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "நாலு மூலைக்கும் போடு கண்ணு, அதுக்கப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காது" என்றார். போட்டேன். மூன்றாம் நாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அதே சாரை (அதேதானா என்று கேட்காதீர்கள், அதே நீளம்) பூண்டின் மேலேயே ஊர்ந்து விறகு அடுக்குக்குள் போனது. மீதிப் பூண்டு ரசத்துக்கு ஆனது.

அந்த வாரக் கடைசியில் நீளக் கம்பால் விறகைப் பிரித்தோம். அடியில் மூன்று எலி வளை. கோடையில் உதிர்ந்த மாம்பழத்தின் கொட்டைகள், கொறித்துக் காலியாக. சாக்குத் துணுக்கில் கட்டிய கூட்டில் கண் திறக்காத எலிக்குஞ்சுகள். சாரை எங்களைத் தேடி வரவில்லை, அந்தப் பந்திக்கு வந்திருக்கிறது. பந்தியைப் போட்டது நாங்கள்தான்: பழத்தைப் பொறுக்காமல் விட்டு, விறகைத் தரையோடு அடுக்கி.

பூண்டு மட்டுமில்லை, ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், கல் உப்பு எதையும் நம்பிப் பாம்பு வராது என்று தூங்க முடியாது. வளைக்குள் ஆசிட் ஊற்றுவது இன்னும் மோசம். மிரண்டு வெளியே வரும், எந்தப் பக்கம் வரும் என்பது நம் கையில் இல்லை. பலன் தருவதெல்லாம் சலிப்பான வேலைகள்தான். விறகு, செங்கல், பழைய ஓடு எதுவானாலும் சுவரை விட்டுத் தள்ளி, தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி அடுக்குங்கள். கழிவுநீர்க் குழாய் வாய்க்கு வலை போடுங்கள். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற சந்து இருந்தால் ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள். வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் கம்பைத் தேட வேண்டாம். தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு, தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்லுங்கள், அல்லது வனத்துறைக்கு. சாரையும் நல்லபாம்பும் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. அடித்துக் கொல்வது குற்றம்.

எனக்கு அதிகப் பயம் கட்டுவிரியன்தான். ராத்திரியில் திரியும், தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட இடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள். வாயுத் தொல்லை என்று ஓம வாட்டர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. தரையில் படுத்தவருக்குக் காரணமில்லாத வயிற்றுவலியோடு கண் இமை தொங்குகிறதென்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டால் இந்தக் கடி பெரும்பாலும் நடக்காது.

கடித்த பிறகு கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலைக்கு அலைவது எல்லாமே கேடு. கால் வீங்குவதற்குள் கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிடுங்கள். கொலுசு செய்கிற ஊரில் இதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. கடிபட்ட கால் அசையாதபடி ஒரு மட்டை வைத்துக் கட்டி, 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துப் பையில் கொண்டுபோக வேண்டியதில்லை. இங்கே போடுகிற விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. விரியன் விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் வைத்து உறைகிறதா என்று டாக்டர் சோதிப்பார். அதற்குப் பாம்பு தேவையில்லை.

சரி, எலிக்கு வருவோம். பொறியை ரூமுக்கு நடுவில் வைத்துவிட்டு மசால்வடையைக் குறை சொல்வார்கள். எலி சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும், பொறியின் வாய் சுவரோரம் இருக்க வேண்டும். சுண்டெலிக்குப் பென்சில் நுழைகிற ஓட்டை போதும், அதனால் சிமென்ட் பூசாமல் பொறி மட்டும் வைத்தால் வேலை முடியவே முடியாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் எந்தக் கடையில் கிடைத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது கல்லீரலை அழிக்கும், முறிவு மருந்து கிடையாது, குழந்தை கைக்கு எட்டினால் அவ்வளவுதான்.

கரப்பானுக்கு ஜெல் புள்ளி வைத்துவிட்டு, அவசரப்பட்டு அதே மூலையில் ஸ்ப்ரேயும் அடிப்பார்கள். ஸ்ப்ரே வாடைக்கு அது ஜெல் பக்கமே வராது. ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள்.

கொசுவைச் சாக்கடையோடு சேர்த்தே நினைக்கிறோம். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் முட்டை இடுவது. குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வருகிற தெருக்களில் வீட்டுக்கு நாலு டிரம் நிற்கும், அதுதான் அதற்கு வசதி. தண்ணீரைக் கவிழ்த்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். தேங்காய் நாரை வைத்து உள்பக்கத்தை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். புகை மருந்து பறக்கிற கொசுவைத்தான் கொல்லும்.

தேள் பற்றி ஒன்று. செந்தேள் கொட்டிய குழந்தைக்கு வேர்த்துக் கொட்டி, கைகால் சில்லிட்டு, வாந்தி வந்தால் மந்திரிக்கக் கூட்டிப்போக வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அங்கே கொடுக்கிற பிரசோசின் என்ற சாதாரண ரத்த அழுத்த மாத்திரை நேரத்துக்குக் கிடைத்தால் காப்பாற்றும். கற்குவியல் இருக்கிற வீட்டுக்காரர்கள் புற ஊதா டார்ச் வாங்கி இரவில் அடித்துப் பாருங்கள், தேள் பச்சை நீலமாக மின்னும். முதல்முறை பார்க்கும்போது கொஞ்சம் அழகாகக்கூட இருக்கும்.

மலைக்கு மேலே வேறு கதை. ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு குரங்கு. காரிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை நீட்டுகிறவர் மாலையே சேலத்துக்கு இறங்கிவிடுவார். பிளாஸ்டிக் கவர் சலசலத்தால் தீனி என்று பழகிய குரங்கு, மேலே குடியிருப்பவரின் அடுப்படி ஜன்னலில் வந்து நிற்கும். பந்தி போட்டவர் ஒருவர், சோற்றுப்பானை உருள்வது இன்னொருவர் வீட்டில். குரங்கு நகக்கீறல் போட்டாலும் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போய்விடுங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்கார வேண்டாம்.

காப்பித் தோட்டங்களுக்குள் வருகிற காட்டெருமையை மாடு என்று நினைத்து விரட்டப் போவதும், செல்போன் ஃபிளாஷ் அடித்துப் படம் எடுப்பதும் உயிரோடு விளையாடுவது. விடியலிலும் அந்தியிலும் எஸ்டேட் பாதையில் தனியாக நடக்காதீர்கள். எதிரே நின்றால் வழியை அதற்கு விட்டு, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். நாயைச் சங்கிலியில்லாமல் கூட்டிப்போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நாய் குரைத்துச் சீண்டும், காட்டெருமை முட்ட வந்ததும் நாய் திரும்பி ஓடி வரும். ஓடி வருவது உங்களிடம்தான், பின்னாலேயே அதுவும்.