முதல் இணையதளம்: பெயரை முதலில் பத்திரப்படுத்துங்கள்

பழைய ரேடியோப் பெட்டிகளைப் பிரித்துப் பழுது பார்ப்பது என் பொழுதுபோக்கு. அதைப் பற்றி எழுதத்தான் முதன்முதலில் ஒரு இணையதளம் தொடங்கினேன். தளத்தை வைக்கும் இடமான ஹோஸ்டிங்கை வாங்கினால் தளத்தின் பெயரான டொமைன் இலவசம் என்றார்கள், யோசிக்காமல் வாங்கினேன். பதிவுப் படிவத்தில் கொடுத்தது அப்போது வேலை பார்த்த அலுவலகத்தின் மின்னஞ்சல். சில ஆண்டுகளில் வேலை மாறினேன். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் யாரும் திறக்காத பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு நாள் தளத்தைத் திறந்தால் ஏதோ ஒரு விளம்பரப் பக்கம் வருகிறது. எழுதியதெல்லாம் பேக்கப்பில் பத்திரமாக இருந்தது. பெயர்தான் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

டொமைன் என்பது முகவரி, ஹோஸ்டிங் என்பது வீடு என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். சரிதான், ஆனால் இந்த முகவரியை எந்த வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஹோஸ்டிங் பிடிக்கவில்லை என்றால் ஒரு வார இறுதியில் மாற்றிக்கொள்ளலாம். பெயர் போனால் போனதுதான். அதனால் என் யோசனை, இரண்டையும் தனித்தனி இடங்களில் வாங்குங்கள்.

பெயரில் தொடங்குவோம். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு தொல்லை உண்டு. 'வானொலி' என்று பதிவு செய்ய நினைத்தால், வா-வுக்கு ஒரு ஏ-யா, இரண்டு ஏ-யா? 'பழுது' என்றால் ழ-வுக்கு இசட்-ஹெச் போடுவதா, வெறும் எல் போதுமா? நீங்கள் ஒன்றை நினைப்பீர்கள், வாசகர் இன்னொன்றைத் தட்டுவார். நண்பர் ஒருவருக்குப் போனில் பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தவறாக அடித்தால் வேறு பெயர் தேடுங்கள். ஹைஃபனும் வேண்டாம், "நடுவுல ஒரு கோடு" என்று ஆயுள் முழுக்க விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். புள்ளிக்கு முன்னால் 63 எழுத்து வரை அனுமதி உண்டு, பதினைந்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது.

தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்க முடியாதா என்றால், முடியும். கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் முடிவும் தமிழிலேயே இருக்கும் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகியவை உண்டு. ஆனால் உள்ளுக்குள் அது எக்ஸ்-என் என்று தொடங்கும் ஒரு நீண்ட எழுத்துக்கோவையாக மாற்றப்பட்டுத்தான் வேலை செய்கிறது. சில செயலிகளில் இணைப்பை ஒட்டினால் அந்தக் கோவைதான் பல்லைக் காட்டும். ஆசை இருந்தால் இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு எது என்பதில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். .காம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டெழுத்து முடிவுகள் மட்டும் வேறு கதை. அவை நாடுகளுக்கும் பிரதேசங்களுக்கும் உரியவை. அழகாக இருக்கிறதே என்று பலர் வாங்கும் .டிவி, துவாலு என்ற தீவு நாட்டினுடையது. .மீ மாண்டினீக்ரோவினுடையது. விலையும் விதியும் அந்தந்த முடிவை நடத்துபவர்கள் வைப்பதுதான். வாங்குமுன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அப்புறம் பதிவு. நீங்கள் பணம் கட்டும் இடத்துக்கு ரெஜிஸ்ட்ரார் என்று பெயர். .காம், .ஆர்க் போன்றவற்றுக்கு அந்த நிறுவனம், உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், அல்லது அப்படிப் பெற்ற ஒருவரின் முகவராக இருக்க வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது முதல் ஆண்டு விலை. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாம் ஆண்டிலிருந்து கட்டப்போகும் ரெனியூவல் விலை. கூடையில் தானாக வந்து உட்காரும் மின்னஞ்சல், தளம் கட்டும் கருவி, தேடல் மேம்பாடு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உங்கள் முகவரியையும் போன் எண்ணையும் பொதுப் பதிவேட்டில் மறைக்கும் பிரைவசி வசதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அது இலவசம்.

படிவத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்க வேண்டும். தளம் செய்துகொடுப்பவர் பெயரோ, உதவிக்கு வந்த மருமகன் பெயரோ கூடாது. மின்னஞ்சல், என்றைக்கும் உங்களிடமே இருக்கக்கூடிய தனிப்பட்டதாக இருக்கட்டும். அலுவலக முகவரி வேண்டாம், காரணம் மேலே சொல்லிவிட்டேன். இதே டொமைனில் உருவாக்கப்போகும் முகவரியும் வேண்டாம். டொமைன் நின்றால் அந்த அஞ்சலும் நின்றுவிடும், பூட்டின் சாவியை உள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி. பணம் கட்டியதும் சரிபார்ப்பு மின்னஞ்சல் ஒன்று வரும். அதை 15 நாட்களுக்குள் சொடுக்காவிட்டால் டொமைனை நிறுத்திவைக்கலாம் என்பது விதி. பிறகு கணக்குக்குள் போய் இரட்டைச் சரிபார்ப்பு, பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றவிடாமல் பூட்டும் டிரான்ஸ்ஃபர் லாக், தானியங்கிப் புதுப்பிப்பு மூன்றையும் போட்டுவிடுங்கள். கார்டு காலாவதியானால் தானியங்கியும் கைவிடும். அதனால் நாள்காட்டியில் ஒரு மாதம் முன்னதாக ஒரு குறிப்பும் இருக்கட்டும். .காம் பெயரை ஒரே தடவையில் 10 ஆண்டு வரை பதியலாம்.

தவறிப்போய்க் காலாவதியானால் உடனே பறிபோய்விடாது. .காம் போன்றவற்றில் முதலில் சில வாரங்கள் சாதாரண விலையிலேயே புதுப்பிக்க விடுவார்கள். அது எத்தனை நாள் என்பது ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தது, அதிகபட்சம் 45. சில ரெஜிஸ்ட்ரார்கள் அந்த இடைவெளியிலேயே ஏலம் விட்டுவிடுவதும் உண்டு. அப்படிப் போகாமல் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குக் கட்டணம் பல மடங்கு. கடைசியாக 5 நாள், அதில் யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆறாவது நாள் முந்துகிறவருக்குப் பெயர் சொந்தம். இத்தனை படிகளையும் நான் தூங்கியே கடந்திருக்கிறேன்.

ஹோஸ்டிங்குக்கு வருவோம். உங்கள் தளத்தில் என்ன இருக்கப்போகிறது? நாலைந்து பக்கம், கொஞ்சம் படம், அவ்வளவுதான் என்றால் பணமே கட்ட வேண்டாம். கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்ற இடங்களில் இலவசமாக வைத்து உங்கள் டொமைனை இணைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் போட்டு அடிக்கடி எழுதப்போகிறீர்கள் என்றால், பல தளங்கள் ஒரே சர்வர் கணினியைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங் போதும். சர்வரில் ஒரு பகுதியை உங்களுக்கென்றே பிரித்துத் தரும் விபிஎஸ் வாங்கச் சொல்லி ஆசை காட்டுவார்கள். அதில் சர்வரை அப்டேட் செய்வதும் காவல் காப்பதும் உங்கள் தலையில். லினக்ஸ் இயங்குதளப் பழக்கம் இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம்.

'அன்லிமிடெட்' என்ற வார்த்தையை நம்பாதீர்கள். இடம் அளவில்லாமல் கொடுத்துவிட்டு, கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருப்பார்கள். நிபந்தனைப் பக்கத்தில், இந்த எண்ணிக்கையைக் குறிக்கும் ஐநோட் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். 99.9 சதவீதம் தளம் இயங்கும் என்று வாக்களித்தால், மாதத்துக்கு ஏறக்குறைய 43 நிமிடம் படுத்துவிட அனுமதி என்று அர்த்தம். வாசகருக்கும் தளத்துக்கும் இடையிலான இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. பேக்கப் எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறார்கள், திரும்பப் போட்டுத் தரக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால், இரவு நேரத்தில் இந்தக் கேள்வியையே உதவிப் பிரிவுக்கு அனுப்பிப் பாருங்கள். வருகிற பதிலை வைத்து மற்றதை முடிவு செய்துகொள்ளலாம். மூன்றாண்டுச் சலுகை எவ்வளவு இழுத்தாலும் முதலில் ஓராண்டு மட்டும், அதுவும் பணம் திருப்பித் தரும் காலம் உள்ள திட்டமாக எடுங்கள்.

இரண்டையும் இணைக்க வழி இரண்டு. ரெஜிஸ்ட்ரார் கணக்கில், உங்கள் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றி, எல்லாவற்றையும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் விடலாம். அல்லது நேம்சர்வரை அப்படியே வைத்துக்கொண்டு, பெயரைத் தளத்தோடு இணைக்கும் ஏ ரெக்கார்டு என்ற குறிப்பில் சர்வரின் ஐபி எண்ணை, அதாவது அதன் எண் முகவரியை மட்டும் போடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முன்பு ஒருமுறை நேம்சர்வரை மாற்றினேன், மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும், பழைய இடத்தில் இருந்த எம்எக்ஸ் ரெக்கார்டைப் புதிய இடத்தில் எழுத மறந்துவிட்டேன். தளம் ஜோராக ஓடியது, இரண்டு நாள் ஒரு மின்னஞ்சலும் வரவில்லை. யாருக்கும் என் ஞாபகம் இல்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

மாற்றம் சில நிமிடங்களிலும் தெரியலாம், நேம்சர்வர் என்றால் 48 மணி நேரம் வரை இழுக்கவும் செய்யலாம். அதற்குள் பதறிப்போய் மறுபடி மறுபடி மாற்றாதீர்கள். மொபைல் டேட்டாவில் ஒருமுறை, வைஃபையில் ஒருமுறை திறந்து பாருங்கள். டபிள்யூ மூன்றும் போட்டு, போடாமல், இரண்டு விதமாகவும் 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை இல்லாமல் திறக்கிறதா என்றும் பாருங்கள். திறந்தால் முதல் பதிவை எழுதுங்கள். எழுதி முடித்த அன்றே கோப்புகளையும் டேட்டாபேஸையும் சேர்த்து ஒரு பேக்கப் எடுத்து உங்கள் கணினியில் இறக்கிவையுங்கள்.