வயதானவர்களை நடக்க வைப்பது: முதல் 200 மீட்டரைச் சரிசெய்யுங்கள்

"தினமும் கொஞ்சம் நடங்கப்பா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். நடந்தால் நல்லது என்பது எழுபது வயதுக்காரருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும் கிளம்பவில்லையென்றால், வாசற்படிக்கும் தெருமுனைக்கும் நடுவில் ஏதோ ஒன்று அவரைத் தடுக்கிறது. அது என்னவென்று முதலில் பார்க்க வேண்டும்.

கேட்டால் "முட்டி வலி" என்பார். அது பாதிக் காரணம்தான். ஒரு நாள் காலையில் அவருடைய வேகத்திலேயே கூட நடந்து பாருங்கள். எங்கே நிற்கிறார், எங்கே உங்கள் கையைப் பிடிக்கிறார், எந்தத் தெருவுக்குள் நுழையாமல் திரும்புகிறார் என்று கவனியுங்கள். விடை அங்கே கிடைக்கும்.

பெரும்பாலும் அது விழுந்துவிடுவோமோ என்கிற பயம். நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, 1.8 மீட்டர் அகலமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல். நம் ஊர்களில் பல நடைபாதைகளில் முட்டியை மடக்கி ஏற வேண்டியிருக்கிறது. ஏறினால் நாலு வீட்டுக்கு ஒரு முறை இறங்க வேண்டும், நடுவில் டிரான்ஸ்ஃபார்மரும் பைக்குகளும் நிற்கும். ஆகவே ஏறி இறங்கும் பாதையை விட்டுவிட்டு, வண்டி குறைந்த உள்தெரு, பள்ளி மைதானம், அடுக்குமாடி வளாகத்தின் உள்பாதை என்று சமதளமாகத் தேடுங்கள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை உட்கார ஒரு திண்ணையோ பெஞ்சோ இருக்கிறதா என்றும் பாருங்கள். உட்கார இடம் இருக்கிறது என்று தெரிந்தாலே கால் தைரியமாக வெளியே வரும்.

நாய் பயம் இருந்தால் இருட்டில் அனுப்பாதீர்கள். நன்றாக விடிந்தபின், ஆளரவம் வந்ததும் கிளம்பட்டும்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு: சிறுநீர். காலையில் நீர் மாத்திரை (உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) போட்டவர் அடுத்த சில மணி நேரம் கழிப்பறையை விட்டுத் தள்ளிப் போக அஞ்சுவார். ஆண்களுக்கு புராஸ்டேட் தொல்லை. பெண்கள் பலருக்கு இருமினாலே கசியும், மகனிடம் அதைச் சொல்ல மாட்டார்கள். இதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், அப்புறம் தலைசுற்றும். நேர்கோட்டில் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்புவதைவிட, வீட்டைச் சுற்றி ஐந்து நிமிட வட்டமாகப் பாதையை அமையுங்கள். எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற நிம்மதி பெரிது. நடந்து வந்தபின் மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். கசிவுக்கும் வைத்தியம் இருக்கிறது. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள்.

காலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹவாய் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்களைச் சுருக்கிக்கொண்டு நடப்பார்கள், தடுக்குவது அதனால்தான். குதிகாலைப் பிடிக்கும் பட்டை வேண்டும். புடவைக்கு ஷூ போடக் கூச்சப்படும் அம்மாவுக்குப் பின்பட்டையும் வெல்க்ரோவும் உள்ள சாண்டல் போதும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்குங்கள், பெருவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்கட்டும். புடவைக் கரை கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும்.

கைத்தடி என்றால், செருப்போடு நிமிர்ந்து கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கமே பிடிப்பவர்கள்தான் அதிகம். அப்படிப் பிடித்தால் நோகும் கால்மீதே பாரம் இறங்குகிறது.

எவ்வளவு நடக்க வேண்டும்? 10,000 அடி என்ற கணக்கு 1965இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது, அதைத் துரத்த வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஐந்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டுங்கள். சாப்பிட்டபின் நடந்தால் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும். பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது: அதுதான் சரியான வேகம். முட்டி வலி நடந்து முடித்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் நீடித்தால் மறுநாள் நேரத்தைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். வாரம் மூன்று நாள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கப் பழக்குங்கள்.

பூங்காவில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் வெறுங்காலோடு நடப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு அது ஆபத்து. கல் குத்தியதே தெரியாது, புண் பெரிதானபின்தான் கண்ணில் படும். உச்சி வெயிலில் காய்ந்த கோயில் பிரகாரமும் அப்படித்தான். திரும்பி வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். ரத்தச் சர்க்கரை இறங்கி வியர்த்து, கை நடுங்கினால் உடனே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்சை அழுத்தினால் அங்கேயே உட்கார்ந்து உதவிக்குக் கூப்பிட வேண்டும், 108 அழைக்கத் தயங்க வேண்டாம். கொஞ்ச தூரம் போனதும் கெண்டைக்கால் இழுத்து, நின்றால் சரியாகிறது என்றால் ரத்தக் குழாயைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தடைகளை நீக்கினாலும் இழுக்க ஒன்று வேண்டும். ஆரோக்கியத்துக்காக நடப்பவர் பத்து நாளில் சலித்துவிடுவார். பால் பாக்கெட், பூ, டீக்கடைப் பேப்பர் என்று ஒரு வேலையோடு போகிறவர் தொடர்ந்து போவார். தெருமுனையில் ஒருவர் காத்திருப்பார் என்றால் இன்னும் நிச்சயம்.

அம்மாக்களின் விஷயம் வேறு. காலை ஆறிலிருந்து எட்டு வரை அடுப்படியில் நிற்பவரிடம் நடையைப் பற்றி என்ன சொல்லிப் பயன்? அம்மா நடக்க வேண்டுமென்றால் காலைக் காபியை வேறு யாராவது போட வேண்டும். எங்கள் அனுபவத்தில் இதைவிடப் பலன் தரும் யோசனை இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கத்திரி வெயிலிலும் பழக்கம் அறுந்துபோகும். அந்த நாட்களில் கூடத்திலோ மாடி வராந்தாவிலோ அதே நேரத்துக்கு நடக்கட்டும், தரையில் ஈரமும் சுருண்ட மிதியடியும் இல்லாமல். இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்தில் பாதி நேரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.